ஏற்பி எங்கே இருக்கிறது?

'பிரஷர் இருக்கு' என்கிறோம். எங்கே இருக்கு? இதயத்திலா, ரத்தக்குழாயிலா, சிறுநீரகத்திலா? மருத்துவம் நூறாண்டுகளுக்கும் மேலாக அலைந்த கேள்வி இது.

1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினார்கள், அழுத்தம் ஏறியது. சாற்றிலிருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். 1934இல் கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் இறுக்கி, நீடித்த உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். குற்றவாளி பிடிபட்டாச்சு என்றே தோன்றியது. ஆனால் ரெனின் வழியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனுக்கு ரத்தக்குழாய், இதயம், மூளை, அட்ரீனல் என எங்கும் ஏற்பிகள் இருப்பது பின்னால் தெரியவந்தது. 'எங்கே' என்ற கேள்வி மறுபடி கலைந்தது. ஏற்பியை மருந்தால் அடைத்துப் பார்க்கலாம். மருந்தோ ஓர் உறுப்போடு நிற்பதில்லை.

இங்கேதான் மரபணு மாற்றிய சுண்டெலி வருகிறது. தேர்ந்தெடுத்த ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்யும் முறைக்காக 2007இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஆலிவர் ஸ்மித்தீஸ். 1995இல் அவரும் தாமஸ் காஃப்மனும் அடங்கிய குழு, ஏடி1ஏ என்ற ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கியது. மரபணுவின் ஒரு பிரதி போனால் அழுத்தம் சுமார் 12 மி.மீ. பாதரசம் குறைந்தது; இரண்டும் போனால் 24. கணக்குப் போட்டு வைத்தாற்போல.

இந்தக் கணக்கின் கவர்ச்சியில்தான் ஆபத்து. 'அழுத்தத்தின் மரபணு இதுதான்' என்று சொல்லிவிடத் தோணும். ஒரு செங்கல்லை உருவியதும் சுவர் சாய்ந்தால், சுவர் அந்தச் செங்கல்லில் இருந்தது என்றாகுமா? தவிர, இந்த எலியிடம் ஏற்பி எல்லா உறுப்பிலும் ஒருசேரப் போய்விட்டது. மருந்திடம் கண்ட அதே குறைதானே!

விடைக்குப் பழைய கத்தியே தேவைப்பட்டது. காஃப்மன் குழு எலிகளுக்கிடையே சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தியது. ஏற்பியுள்ள உடலில் ஏற்பியற்ற சிறுநீரகம். ஏற்பியற்ற உடலில் ஏற்பியுள்ள சிறுநீரகம். சாதாரண நிலையில் சிறுநீரகத்துக்கும் மற்ற உறுப்புகளுக்கும் ஏறத்தாழச் சமபங்கு என்றது 2005 ஆய்வு. 2006இல் ஹார்மோனைத் தொடர்ந்து செலுத்தினார்கள். சிறுநீரகத்தில் மட்டும் ஏற்பியுள்ள எலிக்கு அழுத்தம் ஏறியது. அந்த ஏற்பியே இல்லாத இதயமும் பருத்தது. இதயத்தில் ஏற்பி இருந்து சிறுநீரகத்தில் இல்லாத எலிக்கோ இதயம் பருக்கவில்லை.

இதயத்தின் நோய்க்கு இதயத்தை மட்டும் விசாரித்தால் போதாது என்பதே இதன் பொருள். எலியை அப்படியே மனிதன் என்று வாசிக்கவும் முடியாது: எலிக்கு ஏடி1 ஏற்பி இரண்டு வகை, நமக்கு ஒன்றுதான். மரபணுவை நீக்கிப் பார்ப்பது நல்ல கேள்விதான். அதையே விடையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் உடம்பு நம் கையைவிட்டு நழுவுகிறது.