முடிவுறா ஆட்டமும் மூன்றாவது ஆட்டக்காரரும்

ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் மொட்டை மாடியில் 101 ரம்மி நடப்பதுண்டு. பந்தயம் தேநீர்ச் செலவு அளவே. இரவுப் பணிக்குச் செல்பவர் ஆறு மணிக்கு எழுந்துவிடுவதால் ஆட்டம் பாதியில் நின்றுபோவது வாடிக்கை. அப்போது எவரும் எடுத்த புள்ளிகளை ஒப்பிடுவதில்லை, "யாருக்கு எத்தனை ஸ்கூட் மிச்சம்?" என்றே கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

ரம்மி அறியாதவர்களுக்காக: இவ்வாட்டத்தில் புள்ளி கூடுவது கேடு, 101ஐத் தொட்டவர் வெளியேற வேண்டும். தொடக்கத்திலேயே விலகினால், அதாவது ஸ்கூட் ஆனால், 20 புள்ளி ஏறும். மூவர் 38, 59, 79 என்று நிற்கையில் ஆட்டம் தடைப்பட்டால், அவர்கள் முறையே மூன்று, இரண்டு, ஒரு ஸ்கூட்டைத் தாங்குவர். தொகை 3:2:1 எனப் பிரிக்கப்படுகிறது. நடந்ததைவிட, நடக்க எஞ்சியிருப்பதே இங்கே அளவுகோல்.

ஐரோப்பியக் கணித மரபு இந்த இடத்தை எளிதில் வந்தடையவில்லை. 1494இல் லூக்கா பச்சோலி, 60 புள்ளிக்கு ஆடப்படும் பந்தாட்டம் 50க்கு 20 என்ற நிலையில் நின்றுவிட்டால் பந்தயத்தை 5:2 எனப் பிரிக்கச் சொன்னார். 1556இல் தார்த்தாலியா இதை மறுத்தார்: முதல் சுற்றோடு ஆட்டம் நின்றால், ஒரே ஒரு வெற்றி பெற்றவர் முழுத் தொகையையும் கொண்டுபோவார், அது முறையாகுமா? இத்தகைய வழக்கு கணிதத்தைவிட நீதிமன்றத்துக்கே உரியது என்பது அவர் கருத்து.

1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியே இதற்கு விடை கண்டனர். மூன்று வெற்றி பெற வேண்டிய ஆட்டத்தில் இருவரும் தலா 32 பிஸ்டோல் நாணயம் வைத்து, 2:1 என்ற நிலையில் நிறுத்தினால், முன்னிற்பவருக்கு 48, மற்றவருக்கு 16. சிக்கல் மூன்றாமவர் வந்தபோதுதான் எழுந்தது. ஒருவருக்கு ஒரு வெற்றியும் மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு வெற்றிகளும் தேவைப்படும் நிலையில், ஃபெர்மாவின் முறை பிழையான விடை தரும் எனப் பாஸ்கல் ஐயுற்றார். ஒரே கற்பனைத் தொடரில் இருவர் இலக்கை எட்டிவிடக்கூடுமே என்பது அவர் தடை. யார் முதலில் எட்டுகிறாரோ அவரே வென்றவர், அதன்பின் வருவன கணக்குக்காகச் சேர்த்தவை என விளக்கிய ஃபெர்மா, 17:5:5 என்ற பங்கீட்டை நிலைநாட்டினார். பலர் ஆடும் ஆட்டத்தில் வெற்றியின் வரிசைமுறையே உரிமையைத் தீர்மானிக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆனால் இக்கணக்கு ஓர் எடுகோளின்மேல் நிற்கிறது: ஆடுவோர் அனைவரும் சம வாய்ப்புடையவர்கள். இந்தியச் சட்ட வரலாறு இந்த எடுகோளோடு மோதுகிறது. செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், விழும் சீட்டுகளை நினைவில் வைக்கவும், வைத்துக்கொள்வதையும் கழிப்பதையும் தேர்ந்து செய்யவும் வேண்டியிருப்பதால் ரம்மி முதன்மையாகத் திறன் ஆட்டமே என்றது. தீர்ப்பு 1968இன் சட்ட அறிக்கைகளில் வெளியானது. அதே தீர்ப்பில் கடிகாரமும் இடம்பெறுகிறது. நேரங்கடந்து ஆடுவோரிடம் மன்றம் வாங்கிய தாமதக் கட்டணம், விளக்கெரிக்கவும் பணியாளரை நிறுத்தவும் ஆகும் செலவுக்கானது, மன்றங்களில் வழக்கமானது என நீதிமன்றம் ஏற்றது.

இதிலிருந்து பிறக்கும் முரணை நம் ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ரம்மியைச் சூதாட்டப் பழியிலிருந்து விடுவித்த அதே திறன், நின்றுபோன ரம்மியைக் கணக்கால் நியாயமாகப் பிரிக்க முடியாததாக்குகிறது. 79 புள்ளியில் நிற்பவர் மூவரில் தேர்ந்தவராக இருக்கலாம்; ஒற்றை ஸ்கூட் அவருடைய உண்மை வாய்ப்பைச் சொல்லாது. கடிகாரம் அவரிடமிருந்து பறிப்பது, திறமையால் மீண்டெழும் உரிமையை.

போட்டி பிரிட்ஜ் இதை வேறு வழியில் எதிர்கொண்டது. ஒரே சீட்டுப் பகிர்வை எல்லா மேசைகளிலும் ஆடவைத்து, ஒவ்வொரு பகிர்வையும் தனித்தனியே மதிப்பிட்டது. ஆகவே நேரம் தீர்ந்தால் இழப்பு ஒரு பகிர்வோடு நிற்கும். முடிவு காண இயலாத பகிர்வில் தவறிழைக்காத தரப்புக்கு 60, ஓரளவு தவறிழைத்தவருக்கு 50, நேரடியாகத் தவறிழைத்தவருக்கு 40 விழுக்காடு என்பது விதி. இங்கே முன்னிற்பவர் யார் என்பதைவிடத் தடைக்குக் காரணமானவர் யார் என்பதே கேட்கப்படுகிறது. தார்த்தாலியா சொன்ன நீதிமன்றம் போட்டி நடுவரின் உருவில் திரும்பி வந்திருக்கிறது.

அண்மைக்காலத்தில் கடிகாரம் அரசின் கைக்குச் சென்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தமிழ்நாடு விதித்த தடையை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல் அவற்றை முற்றாகத் தடைசெய்தது. கடன்பட்ட குடும்பங்களின் துயரை அறிந்தவர் எவரும் இவற்றின் நோக்கத்தை எளிதில் புறந்தள்ள முடியாது. எனினும் ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பது ஒரு கேள்வி. நின்ற ஆட்டத்தில் யாருக்கு என்ன உரியது என்பது வேறொரு கேள்வி. நம் சட்ட விவாதங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

பெங்களூரு, சென்னை, கோலார் தங்கவயல் மனமகிழ் மன்றங்களின் பழைய சீட்டாட்ட விதி ஏடுகள் எவரிடமேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். மாடியில் வாய்மொழியாக வழங்கும் ஸ்கூட் கணக்கு எப்போது, எங்கே எழுத்தில் ஏறியது என்பதை அவற்றிலிருந்துதான் அறிய முடியும்.