மானியத்தில் விழுந்த முடிச்சு

1927-ல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, யாரிடமும் ஓட்டுக் கேட்டு வந்தவரல்லர். அரசு நியமித்த உறுப்பினர். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய நேரம். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கவும் செய்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் இவர்தான். வந்த கையோடு சபை இவரை ஏகமனதாகத் துணைத் தலைவராக்கியது.

அந்த ஆண்டு நவம்பரில், கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசிகளாக்குவதை நிறுத்தச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. பாடப் புத்தகங்கள் இதைத்தான் பேசும். ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை, அவ்வளவே. என் பார்வையில், அவருடைய உண்மையான சாதனை 1929-ல் வந்த, படிக்கவே வறட்சியான ஒரு சட்டத் திருத்தம்.

விஷயம் நிலத்தில் இருந்தது. தேவதாசிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கோயில் ஊழியத்துக்காக மானிய நிலம் உண்டு. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். ஆகவே தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்காவது, பெற்ற மகளோ சுவீகார மகளோ, பொட்டுக் கட்டியாக வேண்டும். பிடிக்காத தாய்க்கும் வேறு வழியில்லை, வயிறு இருக்கிறதே! இந்து அறநிலையச் சட்டத்தில் முத்துலட்சுமி கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் மானியம் பறிபோகாது என்றானது.

எதிர்ப்பு சும்மா இருக்குமா? பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகளே மனுக்கள் அனுப்பினார்கள். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, சுவீகார உரிமை உண்டு, கலை உண்டு; எங்களை விலைமாதருடன் சேர்க்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். அன்றைய குடும்பப் பெண்களுக்கு இல்லாத உரிமைகள் அவை என்பதால், இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ, அதே குலத்திலிருந்து வந்து, பொட்டுக்கட்டுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். முத்துலட்சுமிக்கும் இது வெளி விவகாரமல்ல. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி முதல்வர் நாராயணசாமி அய்யர் தந்தை. தாய் சந்திரம்மாள், தேவதாசிகள் பலர் வந்த இசை வேளாளர் குலம்.

பொட்டுக்கட்டு வழக்கத்தையே சட்டவிரோதமாக்கும் மசோதாவை 1930-ல் அறிமுகம் செய்தார். அது சட்டமாவதற்குள் மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை உதறினார். பாதியில் நிற்கும் மசோதாவுக்காகவாவது அவர் சபையிலேயே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பதவியில் இருந்த மூன்றாண்டு அனுபவத்தை அவரே ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார். விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிக் குலச் சிறுமிகளைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொள்ள, அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது. அப்போது ஓமந்தூரார் முதல்வர். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அந்த மசோதா என்னவாயிற்று என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)