வெளுத்தது மேல்தோல்தான்

மோட்டார் சைக்கிள் என்றால் இரும்பு என்றே பழகியவர்கள் நாம். திருவொற்றியூர் புல்லட் ஆகட்டும், மைசூர் ஜாவா ஆகட்டும், டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் எல்லாமே தகடு. கீழே போட்டு நசுங்கினால் டிங்கர் பட்டறைக்குப் போவோம். தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத் தருவார்கள். துரு பிடித்தால் சுரண்டிவிட்டு மறுபடியும் பெயிண்ட். எத்தனை தரம் வேண்டுமானாலும் செய்யலாம்.

பிளாஸ்டிக் வந்த பிறகு இந்தப் பழக்கம் மாறிவிட்டது. வெயிலில் வெளுத்தால், ஓரம் விரிந்தால், கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்பதுதான் அதற்கு விதி. கம்பெனி அந்த மாடலை நிறுத்தி வருடங்கள் ஓடிவிட்டால் புதிதும் கிடைக்காது. அதனால்தான் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்ஜினைவிட சைடு பேனல் பெரிய தலைவலியாக இருக்கிறது. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்து போர் செய்துகொள்ளலாம். ஒரு சைடு பேனலை வார்க்க அதன் அச்சு வேண்டும். அச்சு போனால் போனதுதான்.

இந்தப் பிளாஸ்டிக் வண்டிக்குள் எப்படி வந்தது, ஏன் வெளுக்கிறது, எவ்வளவு தூரம் அதை மீட்கலாம் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் வந்தது பேக்லைட். லியோ பேக்லண்ட் என்ற வேதியியலர் 1907-ல் உருவாக்கியது. பழைய ரேடியோப் பெட்டியும், வீட்டுச் சுவரில் இருந்த கறுப்பு சுவிட்சும் நினைவிருக்கும் அல்லவா, அதுதான். மோட்டார் சைக்கிளில் சுவிட்ச், மேக்னட்டோ பாகம் போன்ற மின்சார சமாசாரங்களுக்கு மட்டும் அது பயன்பட்டது. தட்டினால் உடையும். ஒரு முறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. மட்கார்டுக்கு அது லாயக்கில்லை.

1933-ல் இங்கிலாந்தின் செஷயரில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது பாத்திரத்தில் மெழுகு போல ஒரு பொருள் ஒட்டியிருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். போர்க்காலத்தில் ரேடார் கேபிள்களுக்கு உறையாகப் பயன்பட்டது. போர் முடிந்த பிறகுதான் வாளிக்கும் குடத்துக்கும் வந்தது.

அதை மோட்டார் சைக்கிளில் துணிந்து மாட்டியவர்கள் ஜப்பானியர்கள். 1958 ஆகஸ்டில் ஹோண்டா கம்பெனி சூப்பர் கப் என்ற சின்ன வண்டியை வெளியிட்டது. 49 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், விலை 55,000 யென். சோய்ச்சிரோ ஹோண்டா இன்ஜினைக் கவனித்தார். வியாபாரத்தைக் கவனித்த டகேயோ ஃபுஜிசாவா வைத்த நிபந்தனைகள் வேறு விதமானவை. நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறுகையால் ஓட்ட வேண்டும் என்றார். அதற்காகத்தான் கையால் பிடிக்கும் கிளட்ச் லீவரே அந்த வண்டியில் இல்லாமல் போனது. ஓட்டுபவரின் துணியில் சேறு படக்கூடாது, இன்ஜினும் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக முன்னால் அகலமான ஒரு காப்பு வந்தது. அந்தக் காப்பைப் பாலிஎத்திலீனில் செய்தார்கள். எடை குறைவு, துரு இல்லை, இடித்தால் வளைந்து கொடுக்கும். அவ்வளவு பெரிய பாகத்தை அந்தப் பொருளில் வார்ப்பது அன்று புதிய காரியம். 2017-க்குள் அந்த வண்டி வரிசையில் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தகட்டுக்கு நிறம் மேலே பூசப்படுகிறது. வார்த்த பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் நிறத்தை உருகிய பொருளிலேயே கலந்துவிடுவார்கள். பெயிண்ட் கடையே வேண்டாம். வெளியில் இருக்கும் நிறம்தான் உள்ளேயும், அந்தப் பக்கமும். பழைய பாகத்தை மீட்பதற்கு நமக்கு இருக்கும் ஒரே பெரிய மூலதனம் இதுதான்.

நம் ஊருக்கு இந்த மாற்றம் வந்தது எண்பதுகளில். வெளிநாட்டுக் கூட்டுடன் 100 சி.சி. வண்டிகள் செய்ய அரசு வழிவிட்டதும் 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட் சுசூகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. அதே வருடக் கடைசியில் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. புல்லட்டைத் தள்ளிப் பழகியவர்களுக்கு இவற்றின் எடையே ஆச்சரியம். சைடு பேனல், மீட்டர் பெட்டி, இண்டிகேட்டர், டெயில் லாம்ப் என்று பிளாஸ்டிக் பாகங்கள் வரிசையாக வந்தன. மெக்கானிக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தார்கள்: "ஃபைபர்". உண்மையில் அவற்றில் கண்ணாடி இழை எதுவும் இல்லை. பளபளப்பும் விறைப்பும் உள்ளவை பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். தொட்டால் மெழுகு போல வழுக்கி, வளைந்து கொடுப்பவை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. பாகத்தின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கத்தியால் சிறு துணுக்கு சீவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் பெரும்பாலும் ஏ.பி.எஸ். இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையை ஆரம்பிக்கக் கூடாது. ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு விஷம்.

வெளுப்பது ஏன்? சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொள்கிறது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒளி சிதறுவதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, சிவப்பு ரோஸாகிறது. ஏ.பி.எஸ்.ஸில் ரப்பர் போன்ற ஒரு சேர்மானம் உண்டு. வெயிலில் முதலில் கெடுவது அதுதான். வெள்ளைப் பாகம் மஞ்சளாவதில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் இத்தனையும் நடப்பது பெரும்பாலும் மேலே மிக மெல்லிய அடுக்கில்தான். அதன் கீழே, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த நிறம் அப்படியே காத்திருக்கிறது.

ஆக, வேலை என்பது செத்த தோலை எடுப்பது. முதலில் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும். தின்னர் பக்கமே போகாதீர்கள், ஏ.பி.எஸ். கரைந்துவிடும். பெட்ரோலால் துடைத்தாலும் நாளடைவில் விரிசல் விடும். பாகம் நிறம் கலந்து வார்த்ததா, மேலே பெயிண்ட் அடித்ததா என்று உட்பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கலந்து வார்த்த ஏ.பி.எஸ். என்றால் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, 600-ல் ஆரம்பித்து 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக இழைக்க வேண்டும். ஒரு நம்பரின் கோடுகள் முழுதும் மறைந்த பிறகுதான் அடுத்த நம்பர். அவசரப்பட்டு நடுவில் ஒன்றைத் தாண்டினால் கடைசிப் பளபளப்பில் அது காட்டிக்கொடுக்கும். பிறகு ரப்பிங் காம்பவுண்டு, பாலிஷ், மேலே மெழுகு. ஒரு சைடு பேனலுக்கு ஒரு பகல் போய்விடும். நம் வயதில் பகலுக்கு என்ன பஞ்சம்?

மஞ்சளான வெள்ளைப் பாகத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் 2008 வாக்கில் பரப்பியது. வேலை செய்யும். ஆனால் மஞ்சள் சில காலத்தில் திரும்பிவிடுவதும் உண்டு. அடர்த்தியான பெராக்சைடு தோலைப் பொசுக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது.

சாம்பல் பூத்த கறுப்பு மட்கார்டுக்கு ஹீட் கன் காட்டுவார்கள். பாலிப்ரொப்பிலீன் என்றால் மேற்பரப்பு லேசாக இளகி, விரிசல்கள் மூடி, கறுப்பு கண்ணெதிரே திரும்பி வரும். பார்க்க மாயாஜாலம் போல இருக்கும். ஆனால் கெட்டுப்போன அடுக்கு அங்கேயே இருப்பதால் சில மாதங்களில் மறுபடி வெளுக்கும். ஒரே இடத்தில் சில நொடி அதிகம் காட்டினால் பாகம் கோணிக்கொள்ளும். கோணியதை நிமிர்த்த எந்தப் பட்டறையிலும் ஆள் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவுவதும் உண்டு. அது கல்யாண வீட்டுக்குப் போய் வரும் வரை தாங்கும், பிறகு தெருப் புழுதி முழுவதும் அதன் மேல்தான்.

விரிந்த பாகத்தை ஒட்டுவதிலும் அதே பொருள் வித்தியாசம். ஏ.பி.எஸ். துணுக்குகளை அசிட்டோனில் கரைத்தால் கூழ் போல வரும், அதுவே நல்ல பசை. பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது, உருக்கித்தான் சேர்க்க வேண்டும். தெருவில் "பிளாஸ்டிக் குடம் ஒட்டறதே" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருபவர்களை நினைத்துப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியும், அதே வகைப் பழைய குடத்தின் துண்டும்தான் அவர்கள் சாமான். இன்று பிளாஸ்டிக் வெல்டிங் என்று சொல்லப்படுவதன் அடிப்படை அதுதான். நாம் அவர்களை ஒரு தொழில்நுட்பக்காரராக நினைத்துப் பார்த்ததே இல்லை.

கடைசி வழி பெயிண்ட். ஏ.பி.எஸ். பெயிண்டை நன்றாகப் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீனுக்கு அதற்கென்று தனி பிரைமர் அடிக்காவிட்டால் பாம்புச் சட்டை போல உரிந்துவிடும். பெயிண்ட் அடித்துவிட்டால் பாகம் புதிதாகத் தெரியும், ஆனால் கம்பெனி கொடுத்த மேற்பரப்பும், சின்னச் சின்ன அச்சுக் கோடுகளும் மூடிப்போகும். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் போய்விடும். அதனால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இதையெல்லாம் இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எண்பதுகளின் 100 சி.சி. வண்டிகள் 2034-லிருந்து ஒவ்வொன்றாக அந்த வயதைத் தொடும். புல்லட்டும் ஜாவாவும் தகடு என்பதால் எப்படியோ பிழைத்துவிட்டன. பிளாஸ்டிக் பாகங்கள் மாட்டி வந்த முதல் தலைமுறை வண்டிகள் பிழைக்குமா என்பது, வெளுத்த பேனலைக் கழற்றிக் காயலான் கடையில் போடுகிறோமா, ஒரு நாள் உட்கார்ந்து இழைக்கிறோமா என்பதில் இருக்கிறது.

மாடிப்படிக்குக் கீழே உங்கள் பழைய வண்டி நின்றுகொண்டிருந்தால், முதலில் அதை வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். பேனலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். வெயில் படாத உட்பக்கத்தில் அதன் உண்மையான நிறம் தெரியும். அதை வெளியே கொண்டுவரத் தேவையானது நாலைந்து வாட்டர் பேப்பரும் ஒரு வாளித் தண்ணீரும்தான்.