சமோவாவில் மறுக்கப்பட்ட உதவி

பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாத் தீவுகளின் திருச்சபை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாகர்கோவிலிலும் சேலத்திலும் ஊழியம் செய்த லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் 1830இல் அங்குச் சென்றார். ஆயினும் அத்தீவார் 1918இல் அடைந்த பெருந்துயரை நம் சபைச் சரித்திர வகுப்புகளில் நாம் கூறுவது அரிது.

1914இல் ஜெர்மானியரிடமிருந்து மேற்குச் சமோவாவைக் கைப்பற்றிய நியூசிலாந்து, கர்னல் ராபர்ட் லோகனை அதன் நிர்வாகியாக நியமித்தது. 1918 நவம்பர் 7ஆம் நாள் ஆக்லாந்திலிருந்து தலூன் என்னும் கப்பல் ஆப்பியாத் துறைமுகத்தை அடைந்தது. அதில் இன்புளூயன்சா நோயாளிகள் இருந்தும், பயணிகள் தடையின்றிக் கரையிறங்கினர். சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது ஐவரில் ஒருவருக்கு மேல், மாண்டனர். ஊர்ப் பெரியோரும் சபைப் போதகரும் பெருந்தொகையாய் மடிந்தனர். அடக்கம் செய்ய ஆளின்றி, உடல்களைப் பாயில் சுற்றிப் பொதுக்குழிகளில் இட்டனர்.

ஒரு நாள் கடற்பயணத்திற்குள் அடங்கும் தொலைவிலிருந்த அமெரிக்கச் சமோவாவிலோ ஒருவரும் இறக்கவில்லை. அதன் ஆளுநர் ஜான் பாயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார்; தீவாரே கரைகளைக் காவல் காத்தனர். மேற்குச் சமோவாவிற்கு உதவ ஆயத்தமென்றும் அவர் தந்தி வாயிலாகத் தெரிவித்தார். லோகன் அதை ஏற்கவில்லை.

அந்நிய உதவியைப் பற்றிப் பேசும்போது கொடுப்போரின் உள்நோக்கத்தையும் பெறுவோரின் மானத்தையும் நாம் ஆராய்கிறோம், அது தேவையே. ஆனால் இங்கு உதவியை மறுத்தவர், அதற்காகச் சாக வேண்டியவர் அல்லர். சாக வேண்டியவரை எவரும் கேட்கவில்லை. இவ்வேறுபாட்டை நாமும் நம் கருத்தரங்குகளில் போதிய அளவு கவனித்ததில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்.

1919இல் விசாரணைக் குழு நிர்வாகத்தின் தவறுகளைச் சுட்டிக்காட்டியது. ஆயினும் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவில் மன்னிப்புக் கோரியது 2002இல்தான். அதற்குள் சமோவா விடுதலை பெற்று 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2019இல் அங்கே தட்டம்மை பரவி, பெரும்பாலும் சிறு பிள்ளைகளாக 83 பேர் இறந்தனர். தடுப்பூசியில் தவறான மருந்தைக் கலந்ததால் 2018இல் இரு குழந்தைகள் மாண்டபின், மக்கள் ஊசியையே அஞ்சியிருந்தனர். இம்முறை சமோவா அரசே உதவி கேட்டது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து மருத்துவரும் செவிலியரும் வந்தனர். டிசம்பர் 5, 6 ஆகிய நாட்களில் அரசு அலுவலகங்களையும் கடைகளையும் அடைத்துவிட்டு, ஊசிக் குழுவினர் வீடுவீடாகச் சென்றனர். ஊசி வேண்டிய குடும்பத்தார் தம் வீட்டின் முன் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தனர்.