செட்டிநாட்டு ஊர்களின் நீர் மரபும் சிக்கன வாழ்வும்: கண்டரமாணிக்கம் வட்டாரம்

கண்டரமாணிக்கம், சிவகங்கை மாவட்டத்தில் அமைந்துள்ள செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றாகும். காரைக்குடி, திருப்பத்தூர், பட்டமங்கலம் ஆகியவை இதன் அண்மை ஊர்கள். செட்டிநாட்டின் பெருவீடுகளும் சமையலும் பலராலும் அறியப்பட்டவை. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லாத நிலத்தில் இவ்வூர்கள் பல தலைமுறைகள் குடிநீர் பெற்றுவந்த முறை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சுற்றுச்சூழலுக்கு இசைந்த வாழ்க்கை என்று இன்று பாடநூல்கள் கற்பிக்கும் பலவும் இங்கு வழக்கத்தில் இருந்தன. அவை நிலைத்ததற்குத் தனி மனிதரின் நல்லெண்ணத்தைவிட, வீட்டின் அமைப்பும் ஊரின் பொதுப் பராமரிப்பும் முதன்மைக் காரணங்களாகும். அந்தப் பராமரிப்பு தளர்ந்தபோது மரபும் தளர்ந்தது.

நிலமும் மழையும்

செட்டிநாட்டுப் பகுதி பெரும்பாலும் செம்மண்ணும் செம்பூராங்கல்லும் கொண்ட மேட்டு நிலம். மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு போன்றவை மழைக்காலத்தில் மட்டும் நீர் காணும் சிற்றாறுகள். சிவகங்கை மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 900 மி.மீ. ஆகும். இது மிகக் குறைந்த அளவன்று. ஆனால் இதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிச் சில நாள்களில் கொட்டிவிடுகிறது. எனவே சில நாள்களில் பெய்யும் மழையை அடுத்த மழைவரை காப்பதே இவ்வூர்களின் முதல் தேவையாக இருந்தது.

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டிய நாட்டில் குடியேறியவர்கள் என்பது அச்சமூகத்தின் மரபு வரலாறு. இளையாற்றங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது ஊர்களின் கோயில்களை அவர்கள் தங்கள் நகரக் கோயில்களாகக் கொண்டனர். கோயில், குளம், ஊருணி, வீதி ஆகியவற்றைச் சேர்த்தே ஊர்களை அமைத்தனர்.

ஊருணியும் கண்மாயும்

இப்பகுதியில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனிப் பெயரும் தனிப் பயனும் உண்டு. பாசனத்துக்கு உரியது கண்மாய். வடமாவட்டங்களில் ஏரி எனப்படுவதே பாண்டிய நாட்டில் கண்மாய் எனப்படுகிறது. குளிக்கவும் துணி துவைக்கவும் குளம் இருந்தது. கால்நடைகளுக்குக் குட்டை இருந்தது. ஊரார் உண்ணும் நீரைக் கொண்டது ஊருணி. இச்சொல் மிகப் பழமையானது. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், உலகுக்கு உதவும் அறிவுடையவரின் செல்வத்துக்கு உவமையாக ஊருணி கூறப்பட்டுள்ளது.

ஊருணியில் குளிப்பதும், துவைப்பதும், கால்நடைகளை இறக்குவதும் விலக்கப்பட்டிருந்தன. செருப்புக் காலுடன் படியில் இறங்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் பல ஊர்களில் உண்டு. கரைகளில் செம்பூராங்கல் அல்லது கருங்கல் பாவி, நீர் எடுக்கப் படித்துறை அமைத்தனர். மழைநீர் வரத்துக்கால் வழியே உள்ளே வரும். நிறைந்தபின் மிகுதி நீர் அடுத்த நீர்நிலைக்குச் செல்லும். கோடையில் நீர் வற்றினாலும் ஊருணியின் உள்ளேயோ கரையிலோ உள்ள கிணற்றில் ஊற்று நீர் கிடைக்கும். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பது வழக்கம். கலங்கலில் உள்ள நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படிய அது உதவுகிறது.

கண்மாய்களும் தனித்தனியே நின்றவை அல்ல. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வழியும் நீர் கீழ்க் கண்மாய்க்குச் செல்லும் வகையில் சங்கிலித் தொடராக அமைந்தவை. கோடையில் கண்மாயில் படிந்த வண்டலை மாட்டு வண்டிகளில் அள்ளி வயலுக்கு இட்டனர். ஒரே வேலையில் கண்மாய் ஆழப்பட்டது, வயலும் உரம் பெற்றது. மராமத்துப் பணியில் ஊரார் உழைப்பாகவோ பொருளாகவோ பங்கு தருவது குடிமராமத்து எனப்பட்டது.

வீட்டுக்குள் மழை

செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, தோட்டம் என்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீண்டிருக்கும். வாசல்கள் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதால் காற்று தடையின்றிச் செல்லும். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு. வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, குளிர்ந்த காற்று அறைகளுக்குள் வருகிறது. தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் பகல் வெப்பத்தைத் தாமதப்படுத்துகின்றன. மின்விசிறி வருவதற்கு முன்பே இவ்வீடுகளில் கோடையைக் கழிக்க முடிந்ததற்கு இவ்வமைப்பே காரணம்.

மழை பெய்யும்போது, முற்றத்தை நோக்கிச் சரிந்த நாட்டு ஓட்டுக் கூரையின் நீர் தாழ்வாரக் குழாய்களில் இறங்கும். மூலைகளில் வைக்கப்பட்ட அண்டாக்களிலும் தவலைகளிலும் அந்நீரைப் பிடித்துச் சமையலுக்கும் குடிப்பதற்கும் வைத்துக்கொள்வர். எஞ்சிய நீர் முற்றத்து மடை வழியே கிணற்றுப் பக்கமோ தெரு வாய்க்காலுக்கோ செல்லும். தெரு வாய்க்கால்கள் ஊருணி, குளங்களின் வரத்துகளுடன் இணைந்திருந்தன. கூரை, முற்றம், கிணறு, வாய்க்கால், ஊருணி ஆகிய ஐந்தும் இவ்வாறு ஒரே நீர் அமைப்பின் உறுப்புகளாக இருந்தன.

கட்டுமானப் பொருள்களும் புழங்கு பொருள்களும்

செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சு புகழ்பெற்றது. சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றுடன் கடுக்காய் நீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு முதலியன சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசி, வழவழப்பான கற்களால் தேய்த்து மெருகேற்றினர். நன்கு பூசப்பட்ட சுவருக்குப் பல பத்தாண்டுகளுக்கு வண்ணம் அடிக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடச் சுமார் 900 பாகை செல்சியசு வெப்பம் போதும். சிமெண்டுக்குச் சுமார் 1450 பாகை தேவை. மேலும் சுண்ணாம்புப் பூச்சு இறுகும்போது, சுட்டபோது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து மீண்டும் ஏற்றுக்கொள்கிறது.

ஆத்தங்குடித் தரைஓடு இவ்வட்டாரத்தின் மற்றொரு கைத்தொழில். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பின்னர் உலர்த்துகின்றனர். இதைச் சூளையில் சுடுவதில்லை. சிமெண்டு சேர்ந்தாலும், சூளைக்குரிய எரிபொருள் மிச்சமாகிறது. உள்ளூர் மணலும் உள்ளூர்க் கைகளும் இதற்குப் போதுமானவை.

புழங்கு பொருள்களிலும் இதே போக்கைக் காணலாம். பனங்குருத்தோலையில் முடையும் கொட்டான், சீர்வரிசைக்கும் பலகாரங்களுக்கும் பயன்பட்டது. இது தற்போது புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளாகும். பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. ஓட்டை விழுந்தால் பற்றவைத்தனர், ஈயம் பூசினர். தூக்கி எறிவது என்ற வழக்கம் அரிதாகவே இருந்தது.

மரபின் மறுபக்கம்

இம்மரபைக் குறையற்றதாகக் காட்டுவது வரலாறு ஆகாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எழுந்த பெருவீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், ஐரோப்பாவிலிருந்து கண்ணாடியும் கப்பலில் வந்தன. ஒரு வீட்டின் தூண்களுக்காகவும் கதவுகளுக்காகவும் வேறொரு நாட்டின் காட்டு மரங்கள் வெட்டப்பட்டன. வீட்டின் நீர்ச் சிக்கனம் பாராட்டத்தக்கது. அதன் மரச் செலவு அவ்வாறு பாராட்டத்தக்கதன்று.

பொதுநீர் என்பதும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் குடிநீர் ஊருணிகளிலும் கிணறுகளிலும் நீர் எடுக்கத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. வரத்துக்கால் வெட்டிய கைகளே ஊருணிப் படியில் இறங்க முடியாத நிலை இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு பொதுக் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதி அடிப்படையில் தடை விதிப்பதை விலக்குகிறது. 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. பழைய நீர்நிலைகளை மீட்க முனைவோர், அவற்றைப் பழைய தடைகள் இன்றி மீட்க வேண்டும்.

சரிவு

1937-இல் பர்மா, இந்தியாவிலிருந்து தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. 1942-இல் அது சப்பானியர் வசமானது. விடுதலைக்குப் பின் அங்கு நிலங்கள் நாட்டுடைமையாயின. நகரத்தாரின் கடல்கடந்த வணிகம் பெரிதும் நலிந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தன. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளராயினர். பொங்கலுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே திறக்கும் வீடுகள் பெருகின. சில வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வந்தன.

மறுபுறம் ஆழ்குழாய்க் கிணறுகளும் குழாய்க் குடிநீரும் வந்தன. திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து காவிரி நீரை இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெண்களின் தண்ணீர்ச் சுமையைக் குறைத்தது. இது பெரும் நன்மை. ஆனால் குழாயில் நீர் வந்தபின் ஊருணியைக் காக்கும் தேவை யாருக்கும் உடனடியாகத் தெரியவில்லை. வரத்துக்கால்கள் தூர்ந்தன, சில இடங்களில் ஆக்கிரமிக்கப்பட்டன. கண்மாய்களில் சீமைக் கருவேல மரங்கள் மண்டின. ஊருணிக் கரைகள் குப்பை மேடுகளாயின.

சட்டமும் மீட்பும்

2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இத்துறையில் முன்னோடியான நடவடிக்கை இது. செட்டிநாட்டு முற்றம் செய்த வேலையைக் குழாயும் கசிவுக் குழியும் செய்யத் தொடங்கின. ஆயினும் அமைப்பை நிறுவச் சட்டம் போதும், ஆண்டுதோறும் அதைத் துப்புரவு செய்ய மனிதர் வேண்டும். மண்ணடைத்த குழியும் உடைந்த குழாயும் பல கட்டடங்களில் காணக்கூடியவை.

2017-இல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. கண்மாய் வண்டலை உழவர்கள் எடுத்துச்செல்லவும் வழி செய்யப்பட்டது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை தென்மாவட்டங்களில் கண்மாய், ஊருணிகளை ஊர்மக்கள் அமைப்புகள் வழியே சீரமைத்து வருகிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுகோ உலக மரபுக் களங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. 2019 சனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. ஓலைக்கொட்டானுக்கும் துணிப்பைக்கும் மீண்டும் தேவை எழுந்ததற்கு இத்தடையும் ஒரு காரணம்.

இன்று கடைப்பிடிக்கத்தக்கவை

பெருவீடு இல்லாதவரும் இம்மரபின் பயனுள்ள பகுதிகளைப் பின்பற்றலாம்.

கூரை நீர்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 100 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 900 மி.மீ. மழை விழுந்தால் அது 90,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் எஞ்சும். நால்வர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் பயன்படுத்தினால் ஆண்டுத் தேவை 14,600 லிட்டர்தான். மீதியைக் கிணற்றுக்கோ நிலத்துக்கோ விடலாம்.

மழைக்கு முந்தைய பணி: புரட்டாசி மாதத்திலேயே மாடியைப் பெருக்கி, குழாய்களைச் சோதித்து, வடிகட்டித் தொட்டியின் சல்லி, கரி, மணல் ஆகியவற்றைக் கழுவி இட வேண்டும். முதல் மழை நீரைத் தூசு போக வெளியே விட்டுப் பின்னர் சேகரிக்க வேண்டும். குடிப்பதற்குரிய நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவது நல்லது.

கட்டும் வீடு: குறுக்குக் காற்றோட்டத்துக்கு எதிரெதிர்ச் சன்னல்கள், சுவர்களுக்கு நிழல், சிறிய திறந்தவெளி ஆகியவை மின்செலவைக் குறைக்கும். இடிக்கப்படும் வீடுகளின் கதவு, நிலை, மரங்களை மீண்டும் பயன்படுத்தலாம்.

பொதுப் பணி: பள்ளி மாணவர்கள் தம் ஊரின் வரத்துக்கால் எங்கே தொடங்கி எந்த நீர்நிலையில் முடிகிறது என்று நடந்து பார்த்து வரைபடம் தயாரிக்கலாம். எங்கே அடைபட்டுள்ளது என்பதை அவ்வரைபடத்தில் குறித்து ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் அளிக்கலாம். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுகிறது. மழைக்காலத்துக்கு முன் வரும் ஆகத்துக் கூட்டம் இதற்கு ஏற்றது.

கண்டரமாணிக்கம் வட்டாரத்து ஊர்களின் வரலாறு காட்டுவது, மழைநீரைப் பிடிக்கும் அமைப்பை விடவும் அதை ஆண்டுதோறும் காக்கும் ஏற்பாடே இன்றியமையாதது என்பதாகும். ஊருணியைத் தூர்வாருவதும் மாடிக் குழாயைக் கழுவுவதும் அளவில் வேறுபட்டாலும் ஒரே வகைப் பணிகள்தாம். அவற்றைச் செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஒவ்வொரு வீடும் ஊரும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், 900 மி.மீ. மழை இந்நிலத்தின் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்யும்.