அயர் ஆற்றங்கரையிலிருந்து மகள் வீட்டு வாசலுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாற்று வாத்தியாரிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்!

போன கோடையில் ஸ்காட்லாந்தில் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்தேன். வாசலில் ஒரு தொட்டி மரம். என் மார்பளவுக்கு ஒற்றைத் தண்டு. அதன் உச்சியிலிருந்து கிளைகள் குடை மாதிரி தரை நோக்கித் தொங்கும். பெயர் கில்மார்னக் வில்லோ. அவள் அம்மா அங்கே போயிருந்தபோது வாங்கிக் கொடுத்தது. அம்மா இப்போது இல்லை. தண்ணீர் ஊற்றும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தண்டின் நடுவில் புதுத் துளிர்கள் நிமிர்ந்து கிளம்பின. மரம் செழிக்கிறது என்று விட்டுவிட்டேன். அவை தடித்து மேலே போகப் போக, தொங்கும் கிளைகள் வாடி இலை உதிர்த்தன. அப்புறம்தான் அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

கில்மார்னக் என்பது அங்குள்ள ஓர் ஊர். ராபர்ட் பர்ன்ஸின் முதல் கவிதைத் தொகுதி 1786இல் அச்சானது அங்கேதான். (1820இல் அங்கே ஜானி வாக்கர் என்பவர் மளிகைக்கடை திறந்தார். உங்களில் சிலருக்கு ஊர் அந்த வழியில் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அருகே அயர் ஆற்றங்கரையில், கிளைகள் தரையில் படரும் விசித்திர வில்லோ ஒன்று கிடைத்தது. கில்மார்னக்கில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த தாமஸ் லாங் அதை 1853இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொங்கும் மரங்களில் அக்கால மக்களுக்குத் தனி மோகம். கல்லறைத் தோட்டங்களிலும் நட்டார்கள்.

அது ஆண் மரம், விதை தராது. தன் வேரில் விட்டால் தரையில்தான் படரும். ஆகவே நிமிர்ந்து வளரும் வேறொரு வில்லோவின் தண்டில், உச்சியில் ஒட்டுக்கட்டினார்கள். அன்றுமுதல் இன்றுவரை கிளைக்குக் கிளை ஒட்டி வந்ததுதான். மகள் வீட்டுத் தொட்டியில் நிற்பதும் அந்த ஆற்றங்கரை மரமேதான்.

நான் செல்லம் கொடுத்தது கீழ்த்தண்டின் துளிருக்கு! நம் ஊரில் ஒட்டு மாங்கன்று வைத்த யாரும் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளிவிடுவார்கள். நானே எத்தனை கன்றில் கிள்ளியிருக்கிறேன். வெளிநாட்டு மரம் என்றதும் புத்தி போய்விட்டது.

இன்னொரு தப்பும் உண்டு. மழை பெய்த நாளில் தண்ணீர் ஊற்றவில்லை. அந்தக் குடை மழையைத் தொட்டிக்கு வெளியே வழித்துவிடுகிறது. ஈரநிலத்து மரத்துக்குத் தொட்டியில் கோடை முழுக்கத் தினமும் தண்ணீர் வேண்டும்.

நிமிர்ந்த துளிர்களையெல்லாம் அடியோடு வெட்டினேன். மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் கிளம்பும்போது மேலே மூன்று கிளையில் மட்டும் உயிர் இருந்தது.

நேற்று படம் அனுப்பினாள். இலை வரும் முன்பே, அணில் வால் நுனி போல வெள்ளிப் பூங்கொத்துகள், மூன்று கிளையிலும். படத்தைக் கமெண்டில் போட்டிருக்கிறேன்.