சும்மா கிடந்த நிலமா?



பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் பயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர், "ஏங்க, ஊர் மேய்க்கால் சும்மாதானே கிடக்குது, அதிலே கவர்மெண்டு ஒரு சோதனைப் பண்ணை வெச்சா என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் 'சும்மா கிடக்குது' என்றதும் எனக்கு நீலகிரி ஞாபகம் வந்துவிட்டது. ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்னால் அந்த மலையிலே இதே பேச்சுதான் பெரிய தகராறாக இருந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் அந்த மலை ஏறினார். மேலே கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி, பள்ளங்களிலே சோலைக்காடு. வெளியூர்க்காரன் பார்த்தால் காலி நிலம் என்றுதான் சொல்லுவான். ஆனால் அந்தப் புல்லிலே தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. அவர்கள் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். நம்ம ஊர் 'மந்தை'யை நினைவூட்டும் சொல். சரிவுகளிலே படுகர்கள் ராகியும் சாமையும் போட்டார்கள். விளைந்ததில் ஒரு பங்கு தோடருக்குப் போகும். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண் பாண்டமும் செய்து கொடுத்துத் தானியம் வாங்கிக்கொள்வார்கள். ஒரே மலையிலே மூன்று சாராருக்கும் பாத்தியதை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலைச்சரிவு மண்ணை மழை அரித்துக்கொண்டு போகும், சத்து நிற்காது. அதனால் படுகர்கள் ஒரு கொல்லையிலே சில வருஷம் பயிர் வைத்து, பிறகு ஆறப் போட்டுவிட்டு அடுத்த கொல்லைக்குப் போவார்கள். தீர்வை கட்டுவது கொஞ்ச நிலத்துக்கு. சுற்றிச் சுற்றி உழுவது அதைப்போலப் பல மடங்கு. இதை அரசாங்க ஏடுகள் 'புர்த்தி' முறை என்று குறித்தன. ஆறப் போட்ட கொல்லை புல் மண்டித்தான் கிடக்கும். அதைத் தரிசு என்று எழுதிவிட்டால்?

மலை தோடருக்குச் சொந்தம், எடுத்தால் ஈடு கொடுக்கணும் என்று சல்லிவன் வாதாடினார். கவர்னர் லஷிங்டன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சல்லிவனும் ஒன்றும் பற்றற்ற சாமியார் இல்லை. ஊட்டியிலே அவருக்கே ஏகப்பட்ட நிலம் இருந்தது. 1830 வாக்கில் மலையின் பெரும்பகுதியை அவர் கையிலிருந்து எடுத்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். 1843இல்தான் அது திரும்பக் கோயம்புத்தூருக்கு வந்தது.

அந்த லஷிங்டன் காலத்தில்தான், 1830-31 வாக்கில், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே கேத்திப் பள்ளத்தாக்கில் அரசாங்கச் சோதனைப் பண்ணை வந்தது. 6,000 அடிக்கு மேலே குளிர் பிரதேசம், ஐரோப்பியத் தானியமும் காய்கறியும் வரும் என்று கணக்குப் போட்டார்கள். மேற்பார்வைக்கு மேஜர் க்ரூ என்ற ராணுவ அதிகாரி. 1836இல் மூடிவிட்டார்கள். பண்ணை வீடு பிறகு கவர்னர் எல்ஃபின்ஸ்டன் தங்கும் மாளிகையாயிற்று!

ஐந்தாறு வருஷத்திலே என்ன தெரியும்? நம்ம தோட்டத்து மாங்கன்று ஒழுங்காகக் காய்ப்புக்கு வரவே அவ்வளவு நாளாகுமே. படுகரின் உழவும் ஆறப் போடுதலும் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் பண்ணைக்குப் பூட்டு. அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பண்ணை போனாலும் மலையிலே உருளைக்கிழங்கு நின்றது. ஐரோப்பியக் காய்கறிகளைச் சல்லிவன் முன்பே கொண்டுவந்திருந்தார். நாளடைவில் படுகர்கள் கிழங்கைத் தங்கள் பணப்பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். 1860களில் புர்த்தி முறையை அரசாங்கம் ஒழித்தது. பிறகு வருஷா வருஷம் அதே கொல்லையிலே கிழங்கு என்று ஆயிற்று.

1961இல் அந்தக் கிழங்கு வேரிலே தங்க நிற முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கடுகைவிடச் சின்ன உருண்டை, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டை. பயிரே இல்லாவிட்டாலும் மண்ணிலே பல வருஷம் உயிரோடு கிடக்கும். முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில், எதிர்த்து நிற்கும் 'குஃப்ரி சுவர்ணா' ரகம் 1985இல் வந்தது. அதோடு விஞ்ஞானிகள் சொன்ன யோசனை: கிழங்கு போட்ட கொல்லையிலே அடுத்த மூன்று நாலு வருஷம் கிழங்கு வேண்டாம், முட்டைக்கோஸ், பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மாற்றிப் போடுங்கள்.

பூந்தமல்லிப் பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேய்க்கால்ல யார் யார் மாடு மேயுதுன்னு முதல்ல ஒரு கணக்கு எடுக்கணும்" என்றார்.